கழுவினாலும் போகாத தூசி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். என் வகுப்புப் பிள்ளைகள் எனக்குக் ‘கடுகு’ என்று பட்டப்பெயர் வைத்திருப்பது தெரியாததுபோல் இருபது வருடமாக நடித்துக்கொண்டிருக்கிறேன். திருவண்ணாமலையில் ஒரு தனியார் பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்குத் தாவரவியல் எடுக்கிறேன். கோபத்துக்கு அடுத்தபடியாக என்னிடம் அதிகமாக இருந்தது செடிகளைப் பற்றிய கர்வம். ‘இருந்தது’ என்று சொல்கிறேன். ஏன் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கைப்பேசியில் செடியின் படத்தை அனுப்பிப் பேர் கேட்கிறவர்கள் எனக்கு நிறையப் பேர். பால்காரர், மாடித்தோட்டம் போட்டிருக்கும் பக்கத்து வீட்டு வங்கிக்காரர், எங்கள் ஸ்டாஃப் ரூமில் பாதிப் பேர். படம் வந்த மூன்றாவது விநாடி பதில் போய்விட வேண்டும் எனக்கு. யோசித்துச் சொன்னால், இவளுக்குத் தெரியவில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்று ஒரு பயம். முதலில் இலையைப் பார், தண்டைப் பார், செடி நிற்கிறதா படர்கிறதா பார், பூவைக் கடைசியில் பார் என்று வகுப்பில் தொண்டை கிழியக் கத்துவேன். வாட்ஸப்பில் மட்டும் பூவைப் பார்த்ததுமே பேர் சொல்லிவிடுவேன். ஊருக்குத்தான் உபதேசம்.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக மனை பிரித்த இடத்தில் எங்கள் வீடு. கணவருக்கு ஓசூரில் தொழிற்சாலை வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் இருப்பார். அவருடைய தங்கை, என் நாத்தனார், கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். என் மாமனாரும், அவளுக்கு ‘நைனா’, அவளோடுதான் இருக்கிறார். எழுபது தாண்டியவர். இழுப்பு உண்டு, ஈரக்காற்று அடித்தால் நெஞ்சில் விசில் சத்தம் வந்துவிடும்.

அவர் மகன் வீட்டில் இல்லாமல் மகள் வீட்டில் இருப்பதற்குக் காரணம் நான்தான். ஒரு முறை எங்களோடு தங்கிவிடலாம் என்று வந்தார். இரவெல்லாம் இருமினார். எனக்கு அப்போது விடைத்தாள் திருத்தும் வேலை, தூக்கம் போய்விட்டது. ஒரு காலையில் சமையலறையில் நின்றுகொண்டு, “இந்த வீட்ல மனுஷங்க தூங்க வேணாமா?” என்று சொல்லிவிட்டேன். பாத்திரத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். பாத்திரத்துக்கா காது இருக்கிறது? அன்று மத்தியானமே அவர் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

நாத்தனார் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு ஃபோன் செய்வதை மட்டும் நிறுத்திவிட்டாள். நல்ல நாளுக்குப் போனால் “வாங்க அண்ணி”, கிளம்பினால் “போய்ட்டு வாங்க அண்ணி”. நடுவில் காப்பி. சண்டை போட்டிருந்தால் பதிலுக்கு நானும் நாலு கத்து கத்தி முடித்திருப்பேன். இந்த மரியாதைதான் என்னைத் தின்றது.

அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளிடமிருந்து ஒரு படம் வந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். எட்டு மாதத்துக்குப் பிறகு அவளாக அனுப்பியது. அவளுடைய உள்ளங்கையில் நாலைந்து உருண்டைக் காய்கள். சில பச்சை, மேலே வெள்ளை வரி ஓடியவை, இரண்டு மஞ்சளாகப் பழுத்தவை. பக்கத்தில் ஓர் ஊதாப் பூ, நடுவில் மஞ்சளாக நீட்டிக்கொண்டு மகரந்தப் பைகள். பின்னால் மங்கலாக ஓர் இலை. கீழே எழுதியிருந்தாள்: “அண்ணி இது கண்டங்கத்திரி தானே? நைனாவுக்கு இழுப்பு ஜாஸ்தியா இருக்கு. கஷாயம் வெக்கலாமா?”

ஊதாப் பூ, வரிக்காய். வேறென்ன? மூன்று விநாடிகூட ஆகவில்லை. “அதேதான். நாலஞ்சு காயைத் தட்டிப் போட்டு, மிளகு சுக்கு சேர்த்து, நல்லா சுண்ட வெச்சு, விடிகாலையில வெறும் வயித்துல குடு. மூணு நாள்” என்று அடித்து அனுப்பினேன்.

உடனே இன்னொன்று வந்தது. “இலை வெள்ளையா இருக்கு அண்ணி. முள்ளும் கம்மி.”

ஒரு நல்ல மாணவி கேட்க வேண்டிய கேள்வி அது. என் வகுப்பில் ஒருத்தி அப்படிக் கேட்டிருந்தால் கரும்பலகைக்குக் கூப்பிட்டுப் பாராட்டியிருப்பேன். ஆனால் அப்போது நான் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளியிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தேன். பதில் சொன்ன பிறகு குறுக்குக் கேள்வியா என்று எரிச்சல் வந்தது. எழுத நேரமில்லாமல் பேசியே அனுப்பினேன். “அது ரோட்டுத் தூசிமா. உங்க ஊர்ப் பக்கம் ரோடு போடறாங்க இல்ல, அந்தத் தூசி. கழுவிட்டுப் போடு. இருபது வருஷமா இதைத்தான் சொல்லிக் குடுக்கறேன், எனக்குத் தெரியாதா?”

“சரி அண்ணி” என்று வந்தது. கூடவே கைகூப்பும் பொம்மை ஒன்று.

அன்று இரவு நல்ல மழை. சனிக்கிழமை விடிந்ததும் வழக்கம்போல் நடக்கப் போனேன். அன்று பௌர்ணமி, கிரிவலக் கூட்டத்தைச் சுமந்துகொண்டு வேலூர் பஸ்கள் அந்த நேரத்திலேயே ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. நான் சாலையை விட்டுவிட்டு, வீடு கட்டாத மனைகளுக்கு நடுவே இருக்கும் மண்பாதையில் இறங்கினேன். மழை எல்லாவற்றையும் கழுவிவிட்டிருந்தது. நாயுருவி, ஆவாரை, காட்டாமணக்கு எல்லாம் குளித்துவிட்டு வந்தவை போலப் பச்சையாக நின்றன.

ஒரு மனைக்கல்லின் ஓரத்தில் மட்டும், முழங்கால் உயரத்துக்கு ஒரு கொத்து, சாம்பல் பூசியதுபோல் வெளுத்து நின்றது.

முதலில் அதைத் தாண்டிப் போய்விட்டேன். பத்தடி போன பிறகு கால் நின்றது. திரும்பி வந்து உட்கார்ந்து, ஓர் இலையைக் கட்டைவிரலால் அழுத்தித் துடைத்தேன். வெள்ளை போகவில்லை. எச்சிலைத் தொட்டுத் துடைத்தேன். போகவில்லை. விரலுக்குக் கீழே குளிர்காலத்துச் சட்டைத் துணியைத் தொட்டதுபோல் மெத்தென்று இருந்தது. திருப்பினேன். அடிப்பக்கம் இன்னும் வெளுப்பு, வெள்ளிக் கம்பி நிறம்.

ஊதாப் பூ இருந்தது. வரிக்காய் இருந்தது.

என் சாவிக்கொத்தில் ஒரு சின்ன உருப்பெருக்கி தொங்கும். அதைக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். இலை முழுக்க முடி. ஒவ்வொரு முடியும் ஒரு புள்ளியிலிருந்து பல கதிராகப் பிரிந்து, பக்கத்தில் பக்கத்தில் ஆயிரம் நட்சத்திரங்கள். தூசி இல்லை. செடியே அப்படித்தான். வெயிலைத் தாங்கவும் தண்ணீரைக் காக்கவும் அது போர்த்திக்கொண்டிருக்கும் போர்வை அது. எம்.எஸ்சி. படிக்கும்போது ஒரு தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன்.

கண்டங்கத்திரி தரையோடு படரும். இது நிமிர்ந்து நின்றது. கண்டங்கத்திரி இலை வெட்டுப்பட்டிருக்கும். இது நீளமாக, ஓரம் மட்டும் நெளிந்து இருந்தது. கண்டங்கத்திரியின் இலையிலும் தண்டிலும் நீண்ட மஞ்சள் முள். வெறும் கையால் ஒரு காய் பறிக்க முடியாது, குச்சியால் தட்டித்தான் எடுப்பார்கள். இதன் தண்டில் ஊசி நுனி அளவுக்குச் செம்முள், அவ்வளவுதான். நாத்தனாரின் உள்ளங்கை ஞாபகத்துக்கு வந்தது. படத்தில் அந்தக் கையில் ஒரு கீறல் இல்லை.

அங்கேயே உட்கார்ந்து ஃபோனில் தேடினேன். அமெரிக்கப் பக்கத்துச் செடி. எந்தத் தானியத்தோடு, எந்தத் தீவனத்தோடு கடல் தாண்டி வந்ததோ. கத்திரிக் குடும்பம்தான், சோலானம் என்ற அதே முதல் பேர்தான். ஆண்டுக்கணக்கில் வாழ்வது; மேலே வெட்டினால் கீழே வேரிலிருந்து மறுபடி வரும். இலையும் நஞ்சு, காயும் நஞ்சு, பழுத்த காயில் இன்னும் அதிகம், காய்ச்சினாலும் முழுதாகப் போகாது. ஆடு மாடு தின்றால் வயிறு கெட்டு, மூச்சு வாங்கி, சில நேரம் செத்தும் போகும். கடைசி வரியை இரண்டு முறை படித்தேன்.

மணி ஆறே முக்கால். விடிகாலையில், வெறும் வயிற்றில் என்று நான்தான் எழுதியிருந்தேன்.

அவளுக்கு ஃபோன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். மொத்தம் எட்டு தடவை. “குடுக்காதே, அது விஷம்” என்று செய்தி அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததே தவிர யாரும் பார்க்கவில்லை. கணவருக்கு அடித்தேன், வேலை நேரத்தில் ஃபோனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள் என்பது தெரிந்தும் அடித்தேன். அந்தக் கிராமத்தில் வேறு ஒருவருடைய நம்பர்கூட என்னிடம் இல்லை. பதினெட்டு வருடமாக அந்த வீட்டு மருமகள் நான்.

செடியை அப்படியே பிடித்து இழுத்தேன். வேர் வரவில்லை, பாதியில் முறிந்தது. வந்ததை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடி ஸ்கூட்டியை எடுத்தேன்.

ஊருக்குள் போகாமல் புறவழிச்சாலையைப் பிடித்தேன். பௌர்ணமி என்பதால் அங்கும் ஒரு தடுப்பு. போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். “பஸ்லாம் போகட்டும்மா, வெயிட் பண்ணுங்க.”

“சார், உயிர் போற விஷயம், விடுங்க” என்று கத்தினேன்.

அவர் ஸ்கூட்டியில் என் காலடியில் இருந்த பையை எட்டிப் பார்த்தார். “மூலிகையா?” என்றார்.

எனக்கு வாயில் வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. நல்லவேளை, என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே தடுப்பை நகர்த்தினார்.

வழி முழுக்க முதலில் அவளைத்தான் திட்டிக்கொண்டு போனேன். ஒரு படம் ஒழுங்காக எடுக்கத் தெரியாதா? இலையைத் தனியாக எடுத்து அனுப்பினால் என்ன? யானைக்கும் அடி சறுக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். கொஞ்ச தூரத்தில் அதெல்லாம் தீர்ந்துபோயிற்று. இலை வெள்ளையாக இருக்கிறது என்று அவள் எழுதியே அனுப்பியிருந்தாளே.

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. வந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். மாமனாருக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஊர் என்ன சொல்லும்? தூக்கம் கெடுகிறது என்று கிழவரை வீட்டை விட்டு அனுப்பியவள். இருமல் பிடிக்காத மருமகள். அவள் சொன்ன மருந்து. பாட்டனி படித்தவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று கேட்பார்கள். நான் அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்பேன். சாலையோரத்தில் நின்று அழுதேன். பிறகு, அழுகிற நேரமா இது என்று என்னையே திட்டிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே யாரும் இல்லை. சார்ஜில் போட்ட ஃபோன் அலமாரிமேல் கிடந்தது, என் பேரையும் எட்டு தவறிய அழைப்புகளையும் காட்டிக்கொண்டு. அடுப்பில் ஒரு சின்னப் பாத்திரம். அடியில் வடிகட்டிய சக்கை. தட்டிய காய்களின் மஞ்சள் தோல், மிளகு, சுக்கு. பக்கத்தில் இரண்டு டம்ளர்கள். இரண்டும் காலி.

இரண்டு ஏன் என்று எனக்கு அப்போது யோசிக்கத் தோன்றவில்லை. ஒரு பக்கெட் தண்ணீரோடு போய்க்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பிடித்து, எல்லாரும் எங்கே என்று கேட்டேன்.

“மல்லாட்டை புடுங்கறாங்க இல்ல, கொல்லைக்குப் போயிருக்காங்க. உங்க மாமனாரும்தான்” என்றாள். நிலக்கடலைக்கு அங்கே மல்லாட்டை என்றும், விளைநிலத்துக்குக் கொல்லை என்றும்தான் பேர்.

செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டதை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். கொல்லையில் ஏழெட்டுப் பெண்கள் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் சாக்கு விரித்து, மாமனார் உட்கார்ந்து செடியிலிருந்து காய்களை ஆய்ந்துகொண்டிருந்தார். உட்கார்ந்திருந்தார். கை அசைந்துகொண்டிருந்தது. என் உயிரில் பாதி திரும்பி வந்தது.

“இன்னாம்மா, இவ்ளோ காலைல?” என்றார்.

“மாமா, கஷாயம் குடிச்சீங்களா?”

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ரெண்டு வாய்தான் குடிச்சேன். இன்னா கசப்புன்ற? அவ அந்தப் பக்கம் திரும்பனதும் தென்னை மரத்தாண்ட ஊத்திட்டேன். அவகிட்ட சொல்லிடாதம்மா. பாவம், நான் குடிக்கணும்னு அவளும் ஒரு டம்ளர் எடுத்துகினு, நானும் குடிக்கறேன் பாரு நைனான்னு முழுசா குடிச்சா.”

“அவ எங்க?”

“வயிறு சரியில்லன்னு அந்த வரப்பாண்ட போனா. ரொம்ப நேரமாச்சு.”

இத்தனை தூரமும் நான் அவருக்காகத்தான் ஓடி வந்தேன். அவளுக்கு ஏதாவது ஆகும் என்று ஒரு முறைகூட எனக்குத் தோன்றவில்லை.

வரப்புக்கு அந்தப்புறம் அவள் மண்டியிட்டுக் கிடந்தாள். முன்னால் வாந்தி. முகமெல்லாம் வியர்வை, உதடு வெளுத்திருந்தது, ஒரு கையால் வயிற்றைப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

“அண்ணி, நைனாவுக்கு ஒண்ணும் இல்லையே?” என்றாள். முதல் கேள்வி அதுதான்.

மல்லாட்டை மூட்டை ஏற்ற வந்திருந்த லோடு ஆட்டோவில் அவளை ஏற்றினோம். மாமனாரும் ஏறிக்கொண்டார். நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். வழியில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். என்ன என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பை என் காலடியில் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். நாடி பார்த்து, கண்ணில் விளக்கு அடித்துப் பார்த்து, “என்ன சாப்பிட்டாங்க?” என்றார்.

“கண்டங்கத்திரி கஷாயம்மா” என்றார் மாமனார்.

“அது எங்க வீட்லயும்தான் குடிப்போம். அதுக்கு இப்படி ஆகாதே.” டாக்டர் நர்ஸைப் பார்த்தார், பிறகு எங்களை. குரல் மாறியது. “கொல்லைக்கு மருந்து ஏதாவது அடிச்சீங்களா? வீட்ல ஏதாவது சண்டையா? மறைக்காம சொல்லுங்க. நான் போலீஸுக்குச் சொல்லி ஆகணும்.”

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் காலையில் வாந்தி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தால் முதலில் கேட்கிற கேள்வி அது. கேட்கிறவர்மேல் தப்பில்லை. பூச்சிமருந்து என்று எண்ணிவிட்டால் வைத்தியமே வேறு. லாரியில் எங்கோ போய்க்கொண்டிருக்கும் புருஷனுக்கு என்ன செய்தி போகும், ஊரில் அவளைப் பற்றி என்ன பேசுவார்கள் என்பதெல்லாம் ஒரு கணத்தில் எனக்குத் தெரிந்தது.

நாத்தனார் கட்டிலிலிருந்து கையை ஆட்டினாள். “சண்டைலாம் இல்லம்மா. நானேதான். தெரியாம வேற எதையோ பறிச்சிட்டேன் போல.” சொல்லும்போது அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். யார் சொல்லிப் பறித்தாள் என்பதைச் சொல்லவே இல்லை.

நான் வாய் திறக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. நர்ஸ் ஊசிக்கு மருந்தை ஏற்றி முடிக்கிற நேரம். அவளே சொல்லிவிட்டாளே, செடியை மட்டும் காட்டிவிட்டால் போதாதா, நான்தான் சொன்னேன் என்பதால் வைத்தியம் மாறப்போகிறதா என்று எனக்குள் ஒரு வக்கீல் பேசிக்கொண்டிருந்தாள். அந்த வக்கீலை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் டாக்டர், “வேற எதையோன்னா எதை? நீங்களா குடிச்சீங்களா, யாராவது குடுத்தாங்களா?” என்று மறுபடி அவளைத்தான் கேட்டார். அவள் பதில் தேடித் திணறினாள்.

பையைப் பிரித்துச் செடியை மேசைமேல் வைத்தேன். “இதான் டாக்டர். காயை வேக வெச்சுக் குடிச்சிருக்கா. காலைல ஆறு மணி வாக்குல, ஒரு டம்ளர். இவர் ரெண்டு வாய்.” பேரையும் குடும்பத்தையும் அதில் என்ன நஞ்சு என்பதையும் சொன்னேன். பிறகு ஃபோனை எடுத்தேன். வாயால் சொன்னால் எனக்குத் தோதாகச் சொல்லிவிடுவேன் என்று பயம். அதனால் நான் அனுப்பிய குரலை அப்படியே போட்டேன்.

“அது ரோட்டுத் தூசிமா… கழுவிட்டுப் போடு… இருபது வருஷமா இதைத்தான் சொல்லிக் குடுக்கறேன், எனக்குத் தெரியாதா?”

அந்த அறையில் என் குரல் எவ்வளவு பெரிதாகக் கேட்டது. வாசலில் நின்ற லோடு ஆட்டோக்காரர், அடுத்த கட்டில்காரர்கள், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்காவது அது தன் உயிர்தான். மாமனார் தலை குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் செடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஓர் இலையை எடுத்து, நான் காலையில் செய்தது போலவே கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தார். பிறகு வேகமாக வேலையில் இறங்கினார்.

பகல் முழுக்கக் குளுக்கோஸ் ஏறியது. மூச்சையும் நாடியையும் அரை மணிக்கு ஒரு தடவை வந்து பார்த்தார்கள். நான் சொட்டுகளையே எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி வாக்கில் வாந்தி நின்றது. நாலு மணிக்கு டாக்டர், “பயப்பட வேணாம், நாளைக்கு அனுப்பிடலாம்” என்றார். அதற்குப் பிறகுதான் சொட்டு எண்ணுவதை நிறுத்தினேன்.

நாத்தனார் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். மெதுவாகச் சொன்னாள். “அந்த இலைய மூணு தடவ கழுவிப் பாத்தேன் அண்ணி. போகவே இல்ல. நாரு போட்டுக்கூட தேய்ச்சேன்.”

“அப்புறம் ஏன் காயைப் போட்ட?”

“நீங்க சொன்னீங்களே.”

அவள் குத்திக்காட்டவில்லை. காரணம் கேட்டேன், காரணத்தைச் சொன்னாள். இதற்கு நாலு அறை வாங்கியிருக்கலாம். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “மன்னிச்சிடு” என்றேன். மாமனாரையும் பார்த்துச் சொன்னேன். அன்றைக்குச் சமையலறையில் பேசியதற்கும் சேர்த்துத்தான் என்று அவருக்குப் புரிந்திருக்கும். அவர் இருமினார். இருமிவிட்டு, “டீ குடிச்சியாம்மா நீ?” என்று கேட்டார்.

இது நடந்து நாலு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களைப் பார்க்க ஸ்கூட்டியில் போனேன். இப்போதெல்லாம் மாதம் இரண்டு தடவை போகிறேன். கிராமத்துக்குத் திரும்பும் இடத்தில், போன வருடம் உழுத நிலம் ஒன்று முழுக்க வெளுத்துக் கிடந்தது. வண்டியை நிறுத்தினேன். அதேதான். கலப்பை வேரைத் துண்டு துண்டாக்கியிருக்கிறது. துண்டுக்கு ஒரு செடி முளைத்திருக்கிறது. எத்தனை அடி ஆழத்தில் வேர் இருக்கிறது என்று பார்க்கலாமென்று குனிந்தேன்.

“ஏம்மா, அதைத் தொடாத!” என்று ஒரு குரல். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெண், நான் முன்னே பின்னே பார்க்காதவள். ஆடுகளைக் கோலால் அந்தப் பக்கம் விரட்டிவிட்டு வந்தாள். “அது டீச்சர் கத்திரி. விஷம்.”

“என்ன கத்திரி?”

“டீச்சர் கத்திரி. பாக்க கண்டங்கத்திரியாட்டம் இருக்கும். இலையத் தேச்சுப் பாரு, வெள்ளை போவலன்னா இதான். எங்க ஊர்ல கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்.”

“ஏன் அந்தப் பேரு?”

“யாரோ ஒரு டீச்சராம். இதைப் போயி மருந்துன்னு சொல்லிச்சாம். அந்தம்மாவுக்கு ஒண்ணுமே தெரியாதாம்.”

நமக்குத் தமிழில் பேர் இல்லாத செடி அது. நான் எத்தனையோ பேரைக் கேட்டுப் பார்த்துவிட்டேன். இப்போது நாலு கிராமத்தில் அதற்குப் பேர் இருக்கிறது. நான் வண்டியில் ஏறினேன். நாத்தனார் வீடு போய்ச் சேர்வதற்குள் கோபம் மூக்குக்கு மேல் ஏறியிருந்தது.

“அந்தச் செடிக்குப் பேர் வெச்சது யாரு?” என்று வாசலிலேயே கேட்டேன்.

நாத்தனார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பொய் சொல்ல வரவில்லை அவளுக்கு. “நான்தான் அண்ணி. பேரில்லாம கெடந்தா எவளாவது மறுபடி பறிச்சுடுவா. பேர் இருந்தா ஞாபகம் இருக்கும்.”

“அதுக்கு என் பேரா?”

“வேற யார் பேர வெக்கறது?” என்று சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகு, அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “அத்தினி பேர் எதிர்ல ஃபோனப் போட்டுக் காட்டுனீங்க இல்ல? நீங்க மறைச்சிருந்தா நானும் மறைச்சிருப்பேன் அண்ணி. சத்தியமா இந்தப் பேர் வெச்சிருக்க மாட்டேன்.”

உள்ளே மாமனார் இருமத் தொடங்கினார். அவள் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினாள். எதையோ தட்டிப் போட்டாள். தண்ணீர் கொதிக்கும் சத்தம் வந்தது.

“மிளகுதான்” என்றாள். “வேணும்னா வந்து பாத்துக்கோங்க.”

உள்ளே போய்ப் பார்த்தேன்.